டயாப்ளோவில் எது உசத்தி?

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்குக் கிழக்கே ஒரு மலை இருக்கிறது. உயரம் 3,849 அடி. பெயர், மவுண்ட் டயாப்ளோ. டயாப்ளோ என்றால் ஸ்பானிய மொழியில் சாத்தான்.

அந்த மலையடிவாரத்து ஊர் ஒன்றில் குடியிருந்தான் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன். பெயரின் அர்த்தம் தெரிந்த அன்றைக்கே அவனுக்கு மண்டைக்குள் ஒரு மணி அடித்துவிட்டது. பின்னாளில் ஒரு வீடியோ கேம் செய்தால் இதுதான் பெயர் என்று முடிவு கட்டி வைத்தான். அவன் டேவிட் பிரெவிக். செய்தும் காட்டினான்.

1996 டிசம்பர் கடைசியில் வெளிவந்த டயாப்ளோவுக்கு அப்புறம் 2000, 2012, 2023 என்று ஆற அமர மூன்று பாகங்கள் வந்திருக்கின்றன. நடுவே இணைப்புகள், மறுபதிப்பு, செல்போன் அவதாரம் என்று சில்லறைகள் வேறு. இந்த விளையாட்டை ஆடியவர்கள் நாலு பேர் ஒரு டீக்கடையில் சேர்ந்தால் பேச்சு ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். எந்த பாகம் உசத்தி? பாட்ஷாவா, தளபதியா மாதிரியான சண்டை இது. லேசில் தீராது.

என் தீர்ப்பைச் சொல்வதற்கு முன்னால், ஆடியே பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. வானத்திலிருந்து சாய்வாகப் பார்க்கிற மாதிரி திரை. கீழே உங்கள் வீரன். தரையில் கிளிக் செய்தால் நடப்பான். அரக்கன் மேல் கிளிக் செய்தால் வெட்டுவான். அரக்கன் செத்து விழும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தத்தோடு ஏதாவது உதிரும். வாள், தலைக்கவசம், மோதிரம், தங்கக் காசு. எது உதிரும் என்று யாருக்கும் தெரியாது. உள்ளே கம்ப்யூட்டர் தாயக்கட்டை உருட்டுகிறது. நல்ல சாமான் விழுந்தால் மாட்டிக்கொண்டு இன்னும் ஆழத்துக்கு இறங்கலாம். அவ்வளவுதான் விளையாட்டு. ‘இன்னும் ஒரே ஒரு அரக்கன்’ என்று சொல்லிச் சொல்லியே மணி அதிகாலை மூன்று ஆகிவிடும்.

ஆனால் பிரெவிக் முதலில் யோசித்தது இப்படி இல்லை. சதுரங்கம் மாதிரி. நீங்கள் ஒரு அடி வைத்தால் எலும்புக்கூடு ஒரு அடி வைக்கும். 1993-ல் ஷேஃபர் சகோதரர்கள் மேக்ஸ், எரிக் இருவரோடு சேர்ந்து காண்டோர் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்திருந்தார் அவர். பிழைப்புக்காக ஒரு சூப்பர் ஹீரோ சண்டை கேமை சேகா கருவிக்குச் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பொருட்காட்சிக்குப் போனால், அதே கேமை நின்டெண்டோ கருவிக்கு இன்னொரு கம்பெனி செய்துகொண்டிருக்கிறது! ஒருத்தருக்கு இன்னொருத்தர் இருப்பதே தெரியாது. பேச்சுக் கொடுத்தார்கள். ஒட்டிக்கொண்டது. அந்த இன்னொரு கம்பெனிதான் பிற்பாடு பிளிஸார்ட் என்று பெயர் வாங்கியது.

பிளிஸார்டுக்கு டயாப்ளோ பிடித்திருந்தது. ஒரே ஒரு திருத்தம் கேட்டார்கள். இந்த ‘நீ ஒரு அடி, நான் ஒரு அடி’ வேண்டாம். எல்லாம் உடனுக்குடன் நடக்கட்டும். பிரெவிக் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ஆபீஸில் ஓட்டெடுப்பு. தோற்றுப் போனார். சரி, இதற்கு ரொம்ப நாளாகும், கூடுதல் பணம் வேண்டும் என்று பிளிஸார்டிடம் சொல்லிவிட்டு, ஒரு மத்தியானம் உட்கார்ந்தார். சில மணி நேரம். ‘அடிகள்’ எல்லாம் கண்ணிமைக்கும் வேகத்தில் நடக்கிற மாதிரி மாற்றினார். மவுஸை எலும்புக்கூட்டின் மேல் வைத்து ஒரு கிளிக். வீரன் நடந்து போய் ஓங்கி ஒரு போடு போட்டான். எலும்புக்கூடு நொறுங்கியது. அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது என்று 2016-ல் ஒரு மாநாட்டு மேடையில் அவரே சொல்லிச் சிரித்தார்.

அந்த முதல் பாகத்தில் மொத்தமே ஒரு கிராமம், ஒரு பாழடைந்த தேவாலயம். அதற்கு அடியில் பதினாறு தளம். ஊர் பெயர் டிரிஸ்ட்ரம். ஊருக்குள் வந்தால் பன்னிரண்டு தந்தி கிடார் ஒன்று சோகமாக ஒலிக்கும். மாட் உயல்மென் என்கிற இசையமைப்பாளரின் வேலை. இன்றைக்குக் கேட்டாலும் வயிற்றுக்குள் என்னவோ செய்யும். கீழே இறங்கினால் கும்மிருட்டு. முக்கியமான விஷயம், உங்கள் வீரனுக்கு ஓடத் தெரியாது. நடைதான். இரண்டாவது தளத்தில் கதவைத் திறந்தால், கையில் வெட்டுக்கத்தியோடு பெருத்த உருவம் ஒன்று ‘புது மாமிசம்’ என்று கத்திக்கொண்டு பாய்ந்து வரும். நீங்கள் நடந்து தப்பிக்க வேண்டும். தப்பித்துப் பாருங்கள்.

பயத்துக்கு முதல் பாகம்தான். அதற்கப்புறம் வந்த எதுவுமே அதன் கிட்டே நிற்க முடியாது. அழகான கிராபிக்ஸ் வந்தது, பயம் போய்விட்டது.

ஒரே ஓட்டை, இணையத்தில் மற்றவர்களோடு சேர்ந்து ஆடும்போது. உங்கள் வீரனின் சொத்துக் கணக்கு உங்கள் கம்ப்யூட்டரிலேயே பதிவாகும். அதாவது, கணக்கும் நீங்களே எழுதுவீர்கள், ஆடிட்டும் நீங்களே செய்வீர்கள். என்ன நடக்கும்? நடந்தது. சகட்டுமேனிக்குத் தில்லுமுல்லு.

இரண்டாம் பாகம் 2000 ஜூன் கடைசியில் வந்தது. இரண்டே வாரத்தில் பத்து லட்சம் பிரதிகள் விற்று கின்னஸில் இடம் பிடித்தது. நான் அப்போது பி.காம். மாணவன். ‘பணமும் வங்கியியலும்’ என்று ஒரு பேப்பர் உண்டு. பணம் என்றால் என்ன, அதற்கு என்னென்ன குணம் வேண்டும் என்று ஒரு அத்தியாயம். மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கியாகிவிட்டது. ஆனால் அது புரிந்தது டயாப்ளோ 2-ல்தான்.

எப்படி என்று சொல்கிறேன். இந்த முறை பிளிஸார்ட் உஷார். ஆளுக்கு ஆள் கணக்கெழுதுகிற பழக்கத்தை ஒழித்து, எல்லா வீரர்களையும் தங்கள் சர்வரிலேயே வைத்துக்கொண்டார்கள். விளையாட்டுக்குள் தங்கக் காசு உண்டு. ஆனால் பாருங்கள், அரக்கர்களுக்குப் பஞ்சமே இல்லை. வெட்ட வெட்டக் காசு. அச்சகம் இருபத்து நாலு மணி நேரமும் ஓடுகிறது. செலவழிக்கவோ இடம் இல்லை. ஊர் வியாபாரிகளிடம் இருப்பதெல்லாம் சுமாரான சரக்கு. இலவசமாய்க் கொட்டுகிற காசை எவன் மதிப்பான்? கொஞ்ச நாளில் தங்கம் மதிப்பில்லாத தூசாகிவிட்டது.

ஆனாலும் வியாபாரம் நடக்க வேண்டுமே? என்னிடம் நல்ல கோடாலி இருக்கிறது, உங்களிடம் நல்ல கவசம் இருக்கிறது. நான் மந்திரவாதி, எனக்குக் கோடாலி உதவாது. பண்டமாற்று. சரிதான், உங்களுக்கும் கோடாலி வேண்டாமென்றால்? நடுவில் எல்லோரும் ஏற்றுக்கொள்கிற ஒன்று வேண்டும். மாணவர்களுக்குப் பேராசிரியர் சொல்லித் தருகிற அதே கதை. யாரும் சட்டம் போடவில்லை, கூட்டம் கூட்டவில்லை. உலகம் முழுக்க இருந்த ஆட்டக்காரர்கள் தாங்களாகவே ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்டோன் ஆஃப் ஜோர்டான் என்ற மோதிரம். செல்லமாக ‘சோஜ்’.

ஏன் அந்த மோதிரம்? பையில் மொத்தம் நாற்பது கட்டம்தான். ஒரு கவசம் ஆறு கட்டத்தை அடைத்துக்கொள்ளும். மோதிரத்துக்கு ஒரே கட்டம். ஆகவே எடுத்துப் போவது சுலபம். அபூர்வமாகத்தான் விழும். எல்லா மோதிரமும் ஏறக்குறைய ஒன்று போல, தரம் பார்க்க வேண்டிய தொல்லை இல்லை. எந்த ரக வீரனுக்கும் உபயோகம் உண்டு, அதனால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். பாடப் புத்தகத்தில் தங்கத்துக்குச் சொன்ன குணங்கள் ஒவ்வொன்றும் அந்த மோதிரத்துக்குப் பொருந்தின. விளையாட்டுத் தங்கத்துக்குத்தான் பொருந்தவில்லை!

பணம் வந்தால் கூடவே கள்ள நோட்டும் வரும் இல்லையா? வந்தது. சர்வரின் ஓட்டைகளைக் கண்டுபிடித்து ஒரு மோதிரத்தை இரண்டாக்கினார்கள். இரண்டை நாலாக்கினார்கள். நல்லதும் கள்ளதும் பார்க்க ஒரே மாதிரி. விலைவாசி எகிறியது.

2003 அக்டோபரில் பிளிஸார்ட் ஒரு திருத்தம் வெளியிட்டது. அதில் ஒரு வேடிக்கையான ஏற்பாடு. சோஜ் மோதிரத்தை ஊர் வியாபாரியிடம் விற்றால், இத்தனை மோதிரம் வியாபாரிகளிடம் விற்கப்பட்டிருக்கிறது என்று எல்லோர் திரையிலும் ஒரு அறிவிப்பு ஓடும். எண்ணிக்கை ஏற ஏற, ஒரு கட்டத்தில் பூமி அதிரும். சாத்தானின் அசுர அவதாரம் ஒன்று வந்து குதிக்கும். அதைக் கொன்றால் வேறெங்கும் கிடைக்காத தாயத்து ஒன்று பரிசு. அவ்வளவுதான்! ஜனங்கள் போட்டி போட்டுக்கொண்டு மோதிரங்களைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். தங்கள் பணத்தைத் தாங்களே குதூகலமாகக் கொளுத்தினார்கள். எனக்குத் தெரிந்து எந்த ரிசர்வ் வங்கியும் பணப்புழக்கத்தை இவ்வளவு சந்தோஷமாகக் குறைத்ததில்லை.

அப்புறம் சந்தை மோதிரத்தை விட்டு, ரூன் எனப்படும் எழுத்துக் கற்களுக்கு மாறிக்கொண்டது. அதையும் யாரும் உத்தரவிடவில்லை. பினாமிகள் கூட இருந்தார்கள். பெட்டியில் இடம் போதாததால், சொத்தைப் பதுக்குவதற்கென்றே டம்மி வீரர்களை உருவாக்கி வைப்பார்கள். அவர்களுக்குக் ‘கோவேறு கழுதை’ என்று பட்டப்பெயர். தொண்ணூறு நாள் எட்டிப் பார்க்காவிட்டால் சர்வர் அந்த வீரனை அழித்துவிடும். ஆகவே கழுதைகளுக்குத் தண்ணி காட்டுவதற்காகவே உள்ளே நுழைந்து வெளியேறிய ஆசாமிகள் உண்டு.

இதையெல்லாம் விடுங்கள். இரண்டாம் பாகத்தை நான் மறக்க முடியாமல் போனதற்கு வேறு ஒரு காரணம் இருக்கிறது. முதல் பாகத்தின் முடிவில் வீரன் சாத்தானைக் கொன்று, அதன் ஆவி அடைபட்ட கல்லைத் தன் நெற்றியிலேயே செருகிக்கொள்கிறான். அடக்கி வைக்கலாம் என்று நினைப்பு. அடங்குமா? இரண்டாம் பாகத்தில் அவனே சாத்தானாக மாறிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான். நீங்கள் பின்னாலேயே துரத்துகிறீர்கள். வழியில் மாயக் கற்கள் வழியாக ஒரு கிராமத்துக்குள் நுழைகிறீர்கள். தீப்பிடித்து எரிகிறது. தெருவெல்லாம் பிணம். நடுவில் ஒரு கூண்டில் கிழவர் டெக்கார்ட் கெய்ன். பார்த்த ஊர் மாதிரி இருக்கிறதே என்று ஒரு நொடி யோசித்தால்... டிரிஸ்ட்ரம்! முன்பு உங்களுக்கு வாள் விற்ற கொல்லர் கிரிஸ்வால்ட் இப்போது பேயாகி எதிரே வருகிறார். அவரை நீங்களே வெட்டியாக வேண்டும். நாலு வருடம் கழித்து, பழகிய ஊரை இப்படிக் காட்டியதற்காகவே அந்தக் கம்பெனிக்குக் கோயில் கட்டலாம்.

கட்டவில்லை. கலைத்தார்கள். பிரெவிக்கின் கம்பெனியை 1996-லேயே பிளிஸார்ட் வாங்கி, ‘பிளிஸார்ட் நார்த்’ என்று பெயர் மாற்றியிருந்தது. இரண்டாம் பாகத்துக்காக ஒரு வருடத்துக்கும் மேல் ராப்பகலாக உழைத்தார்கள். அந்த பிளிஸார்டுக்கும் மேலே முதலாளி நிறுவனம் ஒன்று இருந்தது. 2003-ல், தங்கள் எதிர்காலம் என்ன என்று அந்த மேலிடத்திடம் கேட்டு மல்லுக்கட்டி, பிரெவிக்கும் ஷேஃபர் சகோதரர்களும் வெளியேறினார்கள். 2005 ஆகஸ்டில் அந்த ஆபீஸ் இழுத்து மூடப்பட்டது. மூன்றாம் பாகத்தை வேறு ஆட்கள்தான் செய்தார்கள்.

2012 மே 15. முதல் இருபத்து நாலு மணி நேரத்தில் 35 லட்சம் பிரதிகள். வாங்கியவர்களில் ஏகப்பட்ட பேர் அன்று பார்த்தது ‘எர்ரர் 37’ என்ற வாசகத்தை மட்டும்தான். தனியாக ஆடுவதற்குக் கூட சர்வர் தொடர்பு வேண்டும், சர்வரோ மூச்சுத் திணறுகிறது. இது ஒரு வாரத்து வலி. நிஜமான கோளாறு வேறு இடத்தில் இருந்தது.

இரண்டாம் பாகத்துச் சாமான்களை வெளியே சில இணையதளங்கள் நிஜ டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தன. மோசடியும் நிறைய. பிளிஸார்ட் யோசித்தது. எப்படியும் விற்கத்தான் போகிறார்கள், நாமே பத்திரமான கடை போட்டுக் கொடுத்தால் என்ன? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஏலக்கூடம் திறந்தார்கள். விளையாட்டுத் தங்கத்துக்கு ஒன்று, நிஜப் பணத்துக்கு ஒன்று. அரக்கனிடம் கிடைத்த வாளை நீங்கள் டாலருக்கு விற்கலாம். உச்ச விலை 250 டாலர். ஆயுதம், கவசம் ஒவ்வொன்றுக்கும் பிளிஸார்டுக்கு ஒரு டாலர் கமிஷன். பணத்தை வெளியே எடுத்தால் அதில் இன்னொரு 15 சதவீதம். தென்கொரியாவில் மட்டும் அரசு அனுமதி கிடைக்காததால் நிஜப் பணக் கடை இல்லாமலே விளையாட்டு வெளியானது.

விளைவு? நீங்களே யோசித்துப் பாருங்கள். மந்திரவாதியாக ஆடுகிறீர்கள். நூறு அரக்கனைக் கொன்றால் விழுவதெல்லாம் காட்டுமிராண்டி வீரனின் கோடாலி. பக்கத்திலேயே கடை. தேடும் பெட்டியில் தேவையைத் தட்டினால் உலகத்தில் இருக்கிற அத்தனை மந்திரக்கோலும் விலை வாரியாக வரிசையில் வந்து நிற்கிறது. பத்து நிமிஷத்தில் வாங்கி மாட்டியாகிவிட்டது. அடுத்து எதற்காக அரக்கனைக் கொல்ல வேண்டும்? இன்னும் நல்ல கோலுக்குக் காசு சேர்க்க. அதாவது, பொழுதுபோக்க வந்த மனிதன் சம்பளத்துக்கு வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டான். ‘டிங்’ என்று சத்தம் கேட்டால் முன்பெல்லாம் நெஞ்சு படபடக்கும். இப்போது, இது மார்க்கெட்டில் எவ்வளவு போகும் என்று கணக்கு ஓடியது.

இரண்டாம் பாகத்திலும் வியாபாரம் இருந்ததே, அது மட்டும் ஏன் கெடுக்கவில்லை? கெடுக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன், கள்ள மோதிரங்கள் நிறையவே கெடுத்தன. ஆனால் அங்கே ஒரு பொருளை வாங்குவதற்கு அலைய வேண்டும். ‘ஷாக்கோ வேண்டும், சோஜ் தருகிறேன்’ என்று அறை திறந்து காத்திருக்க வேண்டும். முகம் தெரியாத ஒரு போலந்துக்காரனோ கொரியாக்காரனோ வருவான். உடைந்த ஆங்கிலத்தில் பேரம். ஏமாற்றிவிடுவானோ என்று பயம். வாங்கிய பொருளுக்கும் ஒரு கதை இருந்தது. அந்தத் தொல்லைதான் விளையாட்டைக் காப்பாற்றி வைத்திருந்தது. புதுக் கடை தொல்லையைச் சுத்தமாகத் துடைத்துப்போட்டது.

ஏலக்கூடத்தில் தங்கத்தின் விலை வீழ்ந்துகொண்டே போனது. அதைச் சரிக்கட்ட 2013 மே மாதம், ஒரு மூட்டைக்குப் பத்து லட்சம் காசு என்றிருந்ததை ஒரு கோடியாக ஆக்கினார்கள். அதில் ஒரு கணக்குப் பிழை. மூட்டையை விற்பனைக்கு வைத்துவிட்டு ரத்து செய்தால், வைத்ததைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. கண்டுபிடித்தவர்கள் கோடிகோடியாக அள்ளினார்கள். கடையை அவசரமாகச் சாத்தினார்கள். தில்லுமுல்லுக்காரர்களின் வருமானத்தைக் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு நன்கொடையாகக் கொடுத்துவிடுவதாக பிளிஸார்ட் அறிவித்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான், மூன்றாம் பாகத்தின் இயக்குநராக இருந்த ஜே வில்சன் ஒரு மாநாட்டில் மனம் திறந்திருந்தார். கொஞ்சம் பேர்தான் இந்தக் கடைக்கு வருவார்கள் என்று நினைத்தோம், கிட்டத்தட்ட எல்லோரும் வந்துவிட்டார்கள், பாதிக்கு மேல் வாடிக்கையாளர்கள் ஆகிவிட்டார்கள், இது விளையாட்டைக் காயப்படுத்திவிட்டது என்றார். ஒரு பெரிய கம்பெனியின் ஆள் மேடையில் இப்படிப் பேசுவது சாதாரணமில்லை. 2014 மார்ச் 18 அன்று ஏலக்கூடம் நிரந்தரமாக மூடப்பட்டது. கமிஷன் வருகிற கடையை ஒரு கம்பெனி தானாக மூடியது. வணிகவியல் படித்தவன் என்ற முறையில் தொப்பியைக் கழற்றுகிறேன்.

ஒரே வாரத்தில், மார்ச் 25 அன்று, ‘ரீப்பர் ஆஃப் சோல்ஸ்’ என்ற இணைப்பு வந்தது. அதோடு விளையாட்டே வேறாகிவிட்டது. மந்திரவாதியாக ஆடினால் மந்திரவாதிக்கு வேண்டியதுதான் பெரும்பாலும் விழும். நல்ல பொருள் அடிக்கடி விழும். படபடப்பு திரும்பி வந்தது. சாயங்காலம் ஆபீஸ் முடிந்து வந்து ஒரு மணி நேரம் மட்டும் ஆடவேண்டும் என்றால், இன்றைக்கும் நான் சிபாரிசு செய்வது இதைத்தான். ஆனால் உயர்ந்த பொருட்களை அந்நியருக்குக் கைமாற்றவே முடியாது என்று பூட்டிவிட்டார்கள். கடையோடு சேர்த்து சந்தையையும் மூடியாயிற்று. அந்தப் போலந்துக்காரனை மூன்றாம் பாகத்தில் நான் சந்திக்கவே இல்லை.

செல்போன் டயாப்ளோ பற்றி ஒரு வரி. 2018-ல் அறிவித்தபோதே ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள், 2022-ல் வந்தபோது பர்ஸைத் திறந்தால்தான் மேலே போக முடியும் என்று புலம்பினார்கள், பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் அங்கிருக்கிற சூதாட்டச் சட்டத்துக்காக வெளியிடவே இல்லை. என் போட்டியில் அதற்கு இடமில்லை.

நாலாம் பாகம் 2023 ஜூனில் வந்து, ஐந்தே நாளில் 66.6 கோடி டாலர் விற்றது. சாத்தானின் எண் 666 என்பார்கள். விளம்பரத்துக்கு இதைவிட வாகான தொகை கிடைக்காது! சும்மா சொல்லக் கூடாது, ரத்தமும் பனியும் இருட்டுமாக அற்புதமான ஆரம்பம். சாத்தான்குலத்து அம்மணி லிலித் வருகிற காட்சிகள் எல்லாமே முதல் தரம். ஆனால் பரந்து விரிந்த திறந்தவெளி உலகம். குதிரை வேறு. எனக்கு அங்கேதான் உதைத்தது. டயாப்ளோ என்றால் கீழே இறங்க வேண்டும். சமவெளியில் சவாரி செய்துகொண்டிருந்தால் பயம் எங்கிருந்து வரும்? அப்புறம், அந்த வருட ஆகஸ்டில் யாரோ தங்கத்தையும் பொருட்களையும் நகலெடுக்கிற வித்தையைக் கண்டுபிடிக்க, வியாபாரத்தையே சில நாள் நிறுத்திவைத்தார்கள். இருபத்து மூன்று வருடம் கழித்தும் அதே கள்ள நோட்டு.

ஆக, பயத்துக்கு ஒன்று, பொழுதுபோக்குக்கு ரீப்பர் சேர்ந்த மூன்று, கண்ணுக்கு நாலு. மனசுக்கு? இரண்டுதான். எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆடிப் பார்க்க ஆசை வந்திருந்தால், 2021 செப்டம்பரில் ‘ரிசரக்டட்’ என்ற பெயரில் வந்த மறுபதிப்பை எடுங்கள். புதுச் சட்டை போட்டிருக்கிறார்கள், உள்ளே ஓடுவது அதே பழைய உயிர். கம்ப்யூட்டரில் ஆடும்போது ‘ஜி’ விசையைத் தட்டினால் 2000-ம் வருடத்து முகம் கண் முன்னால் வந்து நிற்கும். இன்னொரு தட்டு, புது முகம். டிரிஸ்ட்ரம் எரிகிற இடத்தில் மட்டும் பழைய முகத்தில் பாருங்கள்.

மோதிரம்? நைட்மேர் நிலையில் ஆண்டாரியல் என்கிற ராட்சசியைத் திரும்பத் திரும்பக் கொன்றால் சோஜ் விழ வாய்ப்பு அதிகம் என்பது விவரம் தெரிந்தவர்களின் கணக்கு. பேரம் பேசி வாங்கியது நிறைய உண்டு. என் கையால் அடித்து, என் காலடியில் ‘டிங்’ என்று விழுந்தது இதுவரை ஒன்றுகூட இல்லை. நேற்று ராத்திரியும் நாற்பது தடவை கொன்றேன்.